கொழுக்கட்டை தின்ற மாடுகள்

காங்கேயம்
9.1.1996

அன்புள்ள தீபக்குக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மூவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். புனேயில் இந்த மாதம் குளிர் கடுமை என்று செய்தியில் கேட்டோம்.

ஆடி நோம்பிக்கு வந்தபோது, புறப்படும் நாள் காலையில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "ஏனுங்கப்பா, பஸ் ஏறவே ரெண்டு மைல் நடக்கோணும். இந்தக் காட்டுக்குள்ள உக்காந்துட்டு இவ எந்த ஆபீசுக்கு வேலை பாக்கப் போறாளுங்க?" என்றாய். உன் தங்கை லோகப்பிரியா கதவு நிலவைப் பிடித்துக்கொண்டு நின்று, "தை பொறக்கறதுக்குள்ள ஒரு வேலை தேடிக்கிட்டேன்னா, அந்த உடுமலை மாப்பிள்ளைப் பேச்சை உட்டுருவீங்களாங்ணா?" என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, "செரி, தை ஒண்ணாந் தேதி வரைக்கும் டைம்" என்றாய். அப்போது நானும் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

உடுமலைக்காரரைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். தேங்காய் மண்டி வைத்திருக்கிறார், மரியாதையான மனிதர். வயது நாற்பத்தாறு என்பதைக்கூட விட்டுவிடுவோம். பெண் பார்க்க வந்த அன்று, "ரெண்டு பசங்களையும் பாத்துக்க ஒரு ஆள் வேணுமுங்க, பொண்ணோட கால் ஊனம் எங்களுக்குப் பெருசில்லீங்க" என்றார். அவர் கேட்டது ஓர் ஆளை. லோகப்பிரியா அடுக்களையில் இருந்து அதைக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்துதான் அவள் பத்திரிகையில் விளம்பரப் பக்கத்தை முதலில் படிக்க ஆரம்பித்தாள்.

முதல் முயற்சியில் ஏமாந்தோம். 'வீட்டிலிருந்தே கௌரவமான வேலை, அனுபவம் தேவையில்லை, எளிது' என்று ஒரு விளம்பரம். பதிவுக் கட்டணம் மணியார்டர் செய்தாள். மூன்று வாரம் கழித்து நாலு பக்கத்தில் ஒரு புத்தகம் வந்தது. அதில் எழுதியிருந்த வேலை என்ன தெரியுமா? இதே விளம்பரத்தை நாமும் பத்திரிகையில் கொடுக்க வேண்டும். கட்டணம் அனுப்புகிறவர்களுக்கு இதே புத்தகத்தை அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்! அவள் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "ஏப்பா, எம் மாதிரி இன்னொருத்தியப் புடிச்சு நானும் ஏமாத்தோணுமாமுங்க" என்றாள். புத்தகம் தண்ணீர் அடுப்புக்குப் போனது. அன்று வெந்நீர் சீக்கிரம் காய்ந்தது என்று உன் அம்மா சொன்னாள்.

இதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் என்னிடம் இரண்டு டஜன் தபால் கார்டு வாங்கி வரச் சொன்னாள். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் மூன்று கேள்வி எழுதினாள். என்ன வேலை? அதை யார் வாங்கிக்கொள்கிறார்கள்? வேலை தருமுன் நான் ஏதாவது கட்ட வேண்டுமா? இருபத்துநாலு கார்டில் இருபதுக்குப் பதிலே இல்லை. மூன்று பேர் அச்சடித்த தாளில் முன்பணம் கேட்டிருந்தார்கள். ஒரே ஒருவர் கையால் எழுதியிருந்தார். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் டைப்பிங் நிலையம் நடத்தும் சாஜிதா பேகம். 'கேசட்டில் இருப்பதைக் கேட்டு எழுத வேண்டும். விவசாய ஆராய்ச்சி செய்கிற ஓர் அலுவலகத்துக்கு. எதுவும் கட்ட வேண்டாம். வேலை கடினம். சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவேன்.' இவ்வளவுதான் கடிதம்.

எனக்கு அந்த 'கடினம்' என்ற சொல் பிடித்துப்போயிற்று. நாம் மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், ஏரில் பூட்டி இரண்டு சால் ஓட்டிப் பார்க்கிறோம். அதற்குச் சம்மதிக்காதவனிடம் விலை பேசுவதே இல்லை. இந்த அம்மாள் தன் மாட்டின் பல்லைத் தானே காட்டுகிறார், நம்மையும் இரண்டு சால் ஓட்டிப் பார்க்க நினைக்கிறார். நம்பலாம் என்றேன்.

ஐப்பசியில் முதல் கேசட் வந்தது. நீ இங்கே விட்டுப்போன டேப் ரிக்கார்டரில்தான் போட்டோம். நம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மாடு வளர்ப்பதைப் பற்றிப் பேசியிருந்தார். லோகப்பிரியா மூன்று நாள் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, முத்து முத்தாக எழுதி முடித்தாள். பிறகு ஒரு தவறு நடந்தது. செய்தவன் நான்.

முப்பத்தைந்து வருடம் நோட்டுத் திருத்திய கை சும்மா இருக்குமா? 'ஊடு' என்று இருந்ததை 'வீடு' ஆக்கினேன். 'வித்துப்போட்டேனுங்க' என்பதை 'விற்றேன்' ஆக்கினேன். பக்கத்துக்கு முப்பது 'ங்க' இருந்தது, எல்லாவற்றையும் அடித்தேன். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். "ஆபீசுக்குப் போற காயிதம் கண்ணு, நாலு பேர் படிப்பாங்க" என்று அவளை அடக்கிவிட்டு, திருத்திய பிரதியை எழுதி அனுப்பச் செய்தேன்.

எட்டாம் நாள் அனுப்பிய தாள் அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. மேலே சாஜிதா பேகம் எழுதியிருந்தார்: 'கேசட்டில் ஒரு விவசாயி பேசுகிறார். உங்கள் தாளில் ஒரு வாத்தியார் பேசுகிறார். வாத்தியாரை வைத்துக்கொண்டு விவசாயியை அனுப்பவும்.'

உன் அம்மா அதை என்னிடம் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "ஏனுங்க, அந்தம்மா உங்களப் பாக்காமயே கண்டுபுடிச்சுப்போட்டாங்களே!" என்று ஒரு வாரம் சிரித்தாள். லோகப்பிரியா சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் உடுமலையிலிருந்து, தை முதல் வாரம் வெற்றிலை மாற்றலாமா என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். என் பேனாவால் அவள் வாய்ப்புப் போயிற்று என்றே நினைத்தேன். அவளோ பழைய தாளை எடுத்து வைத்து, அடித்த 'ங்க' ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் திரும்ப எழுதி அனுப்பினாள்.

அதற்குப் பதிலாக வந்தது புதுக் கேசட் அல்ல, டைப் அடித்த ஒரு கட்டுத் தாளும் அதன் பழைய கேசட்டும். முன்பு டவுனில் ஒருவர் கேட்டு எழுதிக் கொடுத்ததாம், சாஜிதா பேகம் அதைச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார். லோகப்பிரியா சத்தமாகப் படித்தாள். 'மாடுகள் குரங்கு ஆடும் இடத்தில் கொழுக்கட்டை தின்று வளரும்.' எனக்கும் ஒரு நிமிடம் விளங்கவில்லை. உன் அம்மாதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அட, கொறங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லு மேயறதச் சொல்றாங்க கண்ணு!" என்றாள். கிளுவை வேலி போட்டு மாடு மேயவிடும் நம் கொறங்காடு, டவுன்காரர் காதில் குரங்காக விழுந்திருக்கிறது. அதில் முளைக்கும் புல் பலகாரமாகிவிட்டது. அப்படி அறுபத்தெட்டு இடம். எல்லாவற்றையும் அம்மாவும் மகளுமாகப் பிடித்தார்கள். மாட்டு மணிச் சத்தத்தில் பேச்சு அமுங்கிப்போன இடங்களில்கூட உன் அம்மா காதை வைத்துச் சொல்லிவிட்டாள். நான் பேனாவைத் தொடவில்லை.

மார்கழி பிறந்த மறுநாள் சாஜிதா பேகமே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், கறுப்பு அங்கி, கையில் கனமான பை. ரோட்டிலிருந்து இரண்டு மைலும் வெயிலில் நடந்து வந்திருக்கிறார். வந்து உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "நீங்கதான் அந்த வாத்தியாருங்களா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பிறகு லோகப்பிரியா பக்கம் திரும்பி, "அம்மணி, இந்த வேலைக்கு நாலு பேரப் போட்டுப் பாத்துட்டேன். எல்லாரும் டவுன்ல பொறந்தவங்க, பாவம், வேகமா அடிக்கிறாங்க, ஒண்ணும் புரியல. நீ கோயமுத்தூருக்கே வந்துரு, எங்கூட்டுல மாடி ரூம் இருக்குது" என்றார்.

தீபக், அவள் கொஞ்சமும் தயங்காமல், "மன்னிச்சுக்கோங்க. அங்க வந்துட்டா இந்தப் பேச்சு எங்காதுல உழுகாதுங்க. புரியாததக் கேக்க எங்கம்மாவும் பக்கத்துல இருக்கமாட்டாங்க. இங்கிருந்தே செய்யறேனுங்க" என்றாள். அந்த அம்மாள் பையைத் திறந்து இருபது கேசட்டை எடுத்து வைத்தார். மூன்று தாலுகாவில் பதிவு நடக்கிறதாம், இரண்டு வருட வேலை. கையெழுத்துப் போட்ட வேலைக் கடிதமும் தந்தார். வயிறார மோர் குடித்துவிட்டு, போகும்போது உன் அம்மாவின் கையைப் பிடித்து, "உங்க காதுக்கும் சேத்துத்தான் கூலி" என்றார்.

போன வெள்ளிக்கிழமை தபால்காரர் கருப்புசாமி மணியார்டரோடு வந்தார். நான் வழக்கம்போலக் கையெழுத்துப் போடக் கையை நீட்டினேன். "உங்களுக்கில்லீங் வாத்தியாரே, அம்மணிக்குங்க" என்று என்னைத் தாண்டிப் போய்விட்டார். அவர் பேனாவைக் கொடுக்க, அவள் கதவு நிலவைப் பிடிக்காமல் நின்று கையெழுத்துப் போட்டாள். நான் பணியில் சேர்ந்த நாளில்கூட எனக்கு அப்படி நெஞ்சு நிறைந்ததில்லை.

நேற்று நானே உடுமலைக்குப் போய் வந்தேன். அவரிடம் நேரில் சொல்வதுதான் முறை. என் மகள் சம்மதிக்கவில்லை, இப்போது அவளுக்கு வேலையும் இருக்கிறது என்று சொன்னேன். "நல்லதுங்க, எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்று காப்பி கொடுத்து அனுப்பினார். அந்தப் பேச்சு முடிந்தது. அவளுக்கு இனி கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவளிடம் கேட்டு, அவளுக்குப் பிடித்தால் மட்டும் பேசுவோம். அவளுக்கு நல்லது செய்யத்தான் நீ அவசரப்பட்டாய் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், ஊரும் உறவும் மெச்ச நன்றாக இரு.

இந்தப் பார்சலில் ஒரு கேசட் வைத்திருக்கிறேன். இது பிரதிதான், அசல் நம்மிடம் இருக்கிறது, பயமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டு, முதல் பத்து நிமிடத்தை மட்டும், அவர் பேசுகிறபடியே ஓர் எழுத்து மாறாமல் எழுது. எழுதி முடித்து, எனக்கு அனுப்பாதே, உன் தங்கை பெயருக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா
அங்கப்பன்