ஏரியைத் தேடி ஏரிக்குள் போன படை

மார்ச் 2

என் வாண்டுக்கு,

ஊரில் போன் டவர் விழுந்துவிட்டதால் இதை எல்லை முகாமின் விலாசத்துக்கு அனுப்புகிறேன். பஸ்ஸில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு நீ அடுத்த நடை வரும்போது கையில் கொடுப்பதாகச் சொன்னார்கள்.

சமையலறைச் சுவரில் நம் நாட்டு வரைபடத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். எதிரிப் படை நுழைந்த இடத்திலிருந்து சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்தால் நேராக நம் ஊரில் வந்து நிற்கிறது. தலைநகரத்துக்குப் போக அவர்களுக்கு நம் ஊர்ப் பாலம் வேண்டுமாம்.

நீ ஓட்டியது போதும். அடுத்த நடை முகாமில் எல்லோரும் இறங்கியதும் நீயும் இறங்கிவிடு. சாவியை வேறு டிரைவரிடம் கொடு. அங்கிருந்து என் வீட்டுக்கு ரயிலில் அரை நாள்தான். உனக்குக் கட்டில் வாங்கிப் போட்டாயிற்று. அம்மா அப்பா போனபிறகு உனக்கு நான், எனக்கு நீ. அதை மட்டும் நினைத்துப் பார்.

உன் அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை முகாமில் டீ குடித்துக்கொண்டே படித்தேன். படித்துவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டேன். திட்டாதே. வேறு டிரைவர் என்கிறாயே, எங்கள் டிப்போவில் மிச்சம் இருப்பது நானும் பெரியவரும்தான். அவருக்கு ஒரு கண் மங்கல். ஆஸ்பத்திரியில் நடக்க முடியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த நடையில் ஒருத்தர் தையல் மெஷினோடு ஏறினார். ‘லக்கேஜுக்கு எவ்வளவும்மா?’ என்றார். ‘என் சட்டைக்குப் பட்டன் வச்சுக் குடுங்க, சரியாப் போச்சு’ என்றேன். எல்லை வருவதற்குள் வைத்துவிட்டார், ஒன்று மட்டும் வேறு நிறம்.

நெடுஞ்சாலைக்காரர்கள் வழிகாட்டிப் பலகைகளையெல்லாம் கழற்றிவிட்டார்கள். என் பஸ் கூரைமேல் ஏறி நின்றுதான் கழற்றினார்கள். வருகிறவர்கள் இனி வழி கேட்டுத்தான் வரவேண்டும்.

உன் தங்கச்சி

மார்ச் 12

வாண்டு,

பிடிவாதக்காரி. வேறென்ன சொல்ல.

நம் ஊருக்கு வெளியே அந்தப் படை நாலு நாளாக அசையாமல் நிற்கிறதாம். ஏன் என்று செய்தியில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் எல்லோரும் என்னிடம் வந்து கேட்கிறார்கள், ஏதோ நான்தான் நிறுத்தி வைத்ததுபோல. எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நின்ற படை நகரும். அது நகர்வதற்குள் வந்துவிடு.

உன் அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

படை ஏன் நின்றது என்று நான் சொல்கிறேன். எங்கள் டிப்போ டைம் கீப்பர் வழி சொன்னார், அதனால் நின்றது.

நம் ஊர்க்காரர்கள் வழி சொல்லும் லட்சணம் உனக்குத் தெரியாததா? இருப்பதை விட்டுவிட்டு இல்லாததை வைத்துத்தான் சொல்வோம். எரிந்துபோன சினிமாக் கொட்டகை, எப்போதோ மூடிய ரொட்டிக்கடை. டைம் கீப்பர் வீடு ஊருக்கு வெளியே, முதல் வீடு. கதவைத் திறந்தால் வாசலில் டாங்கி. நம் பேச்சு அரைகுறையாகத் தெரிந்த ஓர் அதிகாரி பாலத்துக்கு வழி கேட்டிருக்கிறான்.

‘நேராப் போங்க. மில்லுகிட்ட திரும்பிடாதீங்க. ஏரிக்கரையோட போனா பாலம்.’

மில்லை இடித்து எவ்வளவு காலம் ஆயிற்று? எங்கே திரும்பக்கூடாது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஏரியைத் தூர்த்து மண் கொட்டியது நாம் பள்ளிக்கூடம் போகும்போது. பார்த்தால் நல்ல மைதானம். மழை பெய்தால் ஆடுகூட அதில் கால் வைக்காது, இந்த மாதம் முழுக்க மழை. ஏரியைத் தேடிக்கொண்டு ஏரிக்குள்ளேயே போய்விட்டார்கள். முதல் டாங்கி பாதி தூரத்தில் வயிறுவரை சேற்றில் இறங்கியது. அதை இழுக்கப் போனது அதன் பக்கத்திலேயே இறங்கியது. பின்னால் வந்த லாரிகள் திரும்ப இடமில்லாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. டீசலும் தீர்ந்தது, சாப்பாடும் தீர்ந்தது. அதற்குள் நம் படை வந்து சேர்ந்துவிட்டது.

இதில் சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அவர்கள் திரும்பி வந்து டைம் கீப்பரைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்திருக்கிறார்கள். விலா எலும்பு முறிந்துவிட்டது. நான்தான் முகாம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன்.

‘நான் பொய்யே சொல்லலைம்மா. தெனம் எல்லாருக்கும் சொல்ற வழிதான்.’

‘நீங்க பொய் சொல்லியிருந்தா அவங்க சரியாப் போய்ச் சேர்ந்திருப்பாங்க சார்.’

‘சிரிப்பு மூட்டாத, வலிக்குது. ரோட்டைப் பார்த்து ஓட்டு.’

உன் தங்கச்சி

மார்ச் 22

வாண்டு,

உன் கடிதத்தை இஸ்திரி மேஜைமேல் ஏறி நின்று எல்லோருக்கும் வாசித்தேன். மேற்பார்வையாளரே மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். உங்கள் டைம் கீப்பருக்குப் போர்த்திக்கொள்ள ஒரு நல்ல போர்வை அனுப்பச் சொல்லிக் கொடுத்தார்.

இப்போது தினமும் சிவப்புக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறேன். எதிரிகள் வடக்கே இரண்டு ஊர்களை விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். ஆனால் போகிற போக்கில் ரோடுகள்மேல் குண்டு போட்டுக்கொண்டே போகிறார்கள். நீ ஓட்டும் ரோடும் அதில் ஒன்று. சும்மா எழுதிக்கொண்டிருந்தால் நீ கேட்கமாட்டாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே முகாமுக்கு வருகிறேன். கையைப் பிடித்து இறக்காமல் விடமாட்டேன்.

உன் அக்கா

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ வரவில்லை.

வெள்ளிக்கிழமை பெரியவர் வண்டி திரும்பவில்லை. குண்டு விழுந்தபோது காலி வண்டியைத்தான் ஓட்டி வந்துகொண்டிருந்தார். அவர் மட்டும்தான் இருந்தார் என்று எல்லோரும் ஆறுதல்போல் சொல்கிறார்கள்.

ஞாயிறு காலையிலிருந்து எனக்குக் கை நடுக்கம். கியர் போடக்கூடத் தடுமாறினேன். நீ வந்து ‘இறங்குடி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் இறங்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ரயில் கிடைத்திருக்காது, பரவாயில்லை. ஊருக்குத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர் நின்றார்கள், ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். நடுக்கம் பாதி வழியில் நின்றது.

கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

உன் தங்கச்சி

ஏப்ரல் 3

என் கண்ணுக்கு,

ரயில் கிடைத்தது. நான் வந்திருந்தேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உன் வண்டியில் ஒரு பக்கம் கண்ணாடியே இல்லை, அட்டை வைத்து அடைத்திருந்தாய். எல்லோரும் இறங்கியபிறகும் நீ சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாய். ஸ்டியரிங்மேல் இருந்த உன் கையைப் பார்த்தேன். ஓடிவரத்தான் காலெடுத்து வைத்தேன்.

அப்போது கைக்குழந்தையோடு ஒரு பெண் உன் ஜன்னலுக்குக் கீழே வந்து, ‘அக்கா, இந்த வண்டி ஊருக்குத் திரும்பிப் போகுமா?’ என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் மூட்டைகளோடு அத்தனை பேர். நீ கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாய். என்னைத்தான் தேடுகிறாய் என்று தெரிந்தது. கூப்பிட்டால் இறங்கிவிடுவாய் என்பதும் தெரிந்தது. அந்தப் பெண் உன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தொட்டிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

‘போகும், ஏறுங்க’ என்றாய்.

இதைப் படித்ததும் உன் கொஞ்சக் கோபம் முழுக் கோபமாகும். ஆகட்டும், திட்டி எழுது. நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னை நானே மன்னித்திருக்கமாட்டேன்.

அந்த இடத்தில் ஒரு பக்கம் லாரி வரிசை, மறு பக்கம் சாக்கடை. அதற்குள் அவ்வளவு பெரிய வண்டியைப் பின்னால் எடுக்காமல், ஸ்டியரிங்கை ஒடித்து ஒரே ஒடியில் திருப்பினாய். என் பக்கத்தில் நின்ற லாரி டிரைவர், ‘யாருப்பா அது? நமக்கே மூணு ஒடி வேணும்’ என்றார்.

‘என் தங்கச்சி’ என்றேன். அன்று முழுக்க நான் பேசியது அவ்வளவுதான்.

உன் அக்கா