பதின்மூன்று பேரை விட்டுவிட்ட சராசரி

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் வலது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போனது போலத் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. உன் நலத்தை இந்த முறை நான் கேட்பதற்கு முன்பே வியாழக்கிழமை போனில் சொல்லிவிட்டாய், திங்கட்கிழமையிலிருந்து புது வேலை என்று. என் வயிற்றில் பாலை வார்த்தாய் அம்மா. ஆனால் பழைய வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது என்பதையும் அதே மூச்சில் சொன்னாய், எனக்குச் சட்டென்று பேச்சு வராமல் போனை உன் அம்மாவிடம் நீட்டிவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபம் இல்லை. வேறொன்று, அதைச் சொல்லக் கல்லூரிக் கதையிலிருந்து தொடங்க வேண்டும், போனில் ஆரம்பித்தால் "சுருக்கமா சொல்லுங்கப்பா" என்பாய், அதனால் கடிதம்.

இந்த செமஸ்டரில் என் புள்ளியியல் பாடத்தை இரண்டு விதமாக நடத்திப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள் என்று உனக்குத் தெரியும். ஏ பிரிவில் நாற்பத்தெட்டுப் பேர், வாரம் நான்கு நாள் நேரில் வகுப்பு, கரும்பலகை, நான், என் தொண்டை. பி பிரிவிலும் நாற்பத்தெட்டுப் பேர், அவர்கள் வீட்டில் வீடியோவில் பாடம் கேட்டுவிட்டு வாரத்துக்கு ஒரே ஒரு நாள் நேரில் வருவார்கள், இதற்குக் கலப்பு முறை என்று பெயர். வீடியோவிலும் நான்தான். வேதியியல் ஆய்வுக்கூடம் காலியாக இருக்கும் மதிய நேரத்தில் ஒரு கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டி இருபத்தாறு வீடியோ எடுத்தேன், எல்லாவற்றிலும் ஒரே சட்டை, உன் அம்மா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். எந்த முறையில் மதிப்பெண் அதிகமோ அடுத்த வருடம் அந்த முறைதான் என்று துறைத்தலைவர் அம்மா சொல்லிவிட்டார். எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. வீடியோ ஜெயித்துவிட்டால் எடுத்த வீடியோ அப்படியே இருக்கப் போகிறது, பிறகு இந்த ஆள் எதற்கு என்று கேட்க மாட்டார்களா? வெளியில் வீராப்பாகத்தான் இருந்தேன், உள்ளுக்குள் உதறல்.

தேர்வு முடிந்து திருத்தினேன். ஏ பிரிவின் சராசரி அறுபத்தொன்று. பி பிரிவு அறுபத்தேழு. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், மாறவில்லை. துறைத்தலைவர் அம்மா பார்த்துவிட்டு, "சார், உங்களை நீங்களே தோக்கடிச்சிட்டீங்க" என்று சிரித்தார், நானும் ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, முன்கூட்டியே ஓய்வு கேட்டு ஒரு கடிதம் எழுதிப் பைக்குள் வைத்தேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மூன்று நாள் அது பைக்குள்ளேயே கிடந்தது. நான்காம் நாள், சனிக்கிழமை, உன் அம்மா மருந்துக்கடை வேலைக்குப் போன பிறகு, அப்படி அந்த வீடியோக்காரன் என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த ஆள்மேல் பொறாமை. நிதானமாகப் பேசுகிறான், யார்மேலும் எரிந்து விழுவதில்லை. நான்காவது வீடியோவில் அவன் சொல்கிறான்: உடல் எடை குறைக்கும் பயிற்சிக்கு நூறு பேர் சேர்ந்தார்கள், முடிவில் இருந்தவர்களின் எடையை மட்டும் பார்த்து ஆகா என்று சொல்லிவிடாதீர்கள், பாதியில் நின்று போனவர்கள் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடைத்தாள் கட்டைப் பிரித்து எண்ணினேன். ஏ பிரிவில் நாற்பத்தாறு பேர் எழுதியிருக்கிறார்கள், பி பிரிவில் முப்பத்தைந்து. பதின்மூன்று பேர் சத்தம் போடாமல் கழன்றுகொண்டிருக்கிறார்கள், மிச்சம் இருந்தவர்கள் இயல்பாகவே நன்றாகப் படிப்பவர்கள், முப்பத்தைந்தால் வகுத்தபோதுகூட உறைக்காமல், அவர்களை வைத்துக்கொண்டு நான் சராசரி போட்டிருக்கிறேன். முப்பது வருடமாக முதல் மாதமே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. முதலாண்டுப் பையன் செய்திருந்தால் தாளில் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். அம்மா வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன், பைக்குள் இருந்த கடிதத்தையும்தான். அவள் சிரித்து முடித்துவிட்டு, "மார்க் கெடக்கட்டும், அந்தப் பதிமூணு பேர் என்னங்க ஆனாங்க?" என்று கேட்டாள். அதுவரை எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. அவர்களை எண்ணிக்கையாகத்தான் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டேன். ரொட்டிக் கடையில் வேலை செய்துகொண்டே படிக்கும் ஒரு பெண், வேலை நேரம் மாறியதால் இரண்டு வாரம் நேர் வகுப்புக்கு வரவில்லையாம், மூன்றாவது வாரம் எந்த முகத்தோடு வருவது என்று நின்றுவிட்டாளாம். இன்னொருவன், "நேர்ல இருந்தா எங்க காணோம்னு கேட்டிருப்பீங்க சார், வீடியோ கேக்காதுல்ல" என்றான். பதின்மூன்று பேரும் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள், ஆனால் எல்லாருக்கும் அடியில் இருந்தது ஒன்றுதான், பின்தங்கிவிட்டோம் என்கிற வெட்கம். துறைத்தலைவர் அம்மா மூன்று வாரம் தனி வகுப்புக்கும் மறுதேர்வுக்கும் ஒப்புக்கொண்டார். பதினொரு பேர் வந்தார்கள், எழுதினார்கள், எல்லாரும் தேறிவிட்டார்கள், யாருக்கும் வருடம் வீணாகவில்லை. இருவரை மட்டும் என்னால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை, அது மனதில் உறுத்துகிறது. இப்போது இரண்டு பிரிவிலும் நாற்பத்தாறு பேர். ஏ பிரிவு அறுபத்தொன்று, பி பிரிவு அறுபத்தொன்றரை. இதை வித்தியாசம் என்று சொன்னால் என்னைப் புள்ளியியல்காரன் என்று யாரும் மதிக்க மாட்டார்கள். வீடியோவையும் குறை சொல்வதற்கில்லை, ஒரு திக்குவாய்ப் பையன் ஒன்பதாவது வீடியோவைப் பதினான்கு தடவை பார்த்திருக்கிறான், நேரில் பதினான்கு தடவை கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று என்னிடம் வாய்ப்பாடு படித்த உனக்குத் தெரியும். அடுத்த வருடம் இரண்டு பிரிவுக்கும் வீடியோவும் உண்டு, வாரம் இரண்டு நாள் நேர் வகுப்பும் உண்டு, இரண்டு வாரம் ஆள் வரவில்லை என்றால் அன்றே போன் போடுவது என்று விதி, போடப் போவது நான்தான். ஓய்வுக் கடிதத்தின் பின்பக்கத்தில் அம்மா மளிகைச் சாமான் எழுதிவிட்டாள்.

வியாழக்கிழமை ஏன் பேச்சு வரவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். நீ கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் கலகலவென்று பேசினாய், அவற்றை மட்டும் வைத்து என் மகள் நன்றாக இருக்கிறாள் என்று இருந்துவிட்டேன். கூப்பிடாத ஞாயிறுகளை உனக்கு வேலை இருக்கும் என்று தள்ளிவிட்டேன். குரல் சரியாக இல்லாத அன்று கூப்பிடவில்லை என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். அந்தப் பதின்மூன்று பேரைத் தேடிப் பிடித்த அதே வாரங்களில் பதினான்காவது ஆளாக என் வீட்டுப் பெண் நீயே இருந்திருக்கிறாய், அது எனக்குத் தெரியவில்லை.

உன் அண்ணன் மகனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, அண்ணன் படம் அனுப்புகிறான். மேல்வீட்டுக் குழாய் இன்னும் நம் குளியலறையில்தான் ஒழுகுகிறது. புது வேலையில் முதல் வாரமே எல்லாம் தெரிந்தது போலத் தலையாட்டாதே, புரியாததை அன்றன்றே கேள். மதியம் சாப்பிடாமல் இருக்காதே என்று அம்மா எழுதச் சொல்கிறாள். உடம்பும் மனதும் நன்றாக இருந்து நீ நினைத்தபடி எல்லாம் அமையட்டும், எங்கள் இருவர் ஆசியும் உன்கூடவே இருக்கும். ஒன்று மட்டும் மறக்காதே, புது விதி உனக்கும் சேர்த்துத்தான். நன்றாக இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் கூப்பிடு, பேச வராவிட்டால் பேச வேண்டாம், போனை வைக்காமல் இரு, நானும் சும்மா இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னையும் சேர்த்து எண்ணக் கற்றுக்கொண்ட
அப்பா