பழைய துணிக் கடையில் உன் அத்தை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, அவருடைய முழங்கால் வலி, மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ அனுப்பிய படத்தில் பார்த்துக்கொண்டேன். இரண்டு முழங்காலும் கிழிந்த பேண்ட்டில் நிற்கிறாய், ஐயோ பிள்ளைக்குத் துணிகூட இல்லையே என்று பதறிப்போனேன், பிறகுதான் கிழிசலுக்குத் தனி விலை என்று விளக்கினாய். முழுத் துணி மலிவு, ஓட்டை போட்டால் விலை ஏறும், படித்த பிள்ளை சொல்கிறாய், சரியாகத்தான் இருக்கும். ஊசி நூல் அனுப்பட்டுமா என்று உன் அப்பா கேட்கிறார். அவரை நம் சமையலறைக் கந்தலைக் கட்டி உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அங்கே நல்ல விலைக்குப் போகும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆலையை மூடியதிலிருந்து உன் அப்பா வீட்டில் உட்கார்ந்து என் சமையலை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா, கடவுள் என் குரலைக் கேட்டு ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேஜை வேலைக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. கோட்டு போட்டு வர வேண்டுமாம். கல்யாணக் கோட்டை எடுத்து மாட்டினார். முன்பக்கம் இரண்டும் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஒன்றுக்கொன்று முகம் கொடுக்க மறுத்துவிட்டன. கேட்டால் கோட்டு சுருங்கிவிட்டதாம், அவர் அப்படியேதான் இருக்கிறாராம். புதுத்துணிக் கடைக்குப் போனோம், விலைச் சீட்டைப் பார்த்ததும் கோட்டைத் தூங்கும் குழந்தையைப் போல மெதுவாகத் திரும்ப மாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார். ஆகவே பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய துணிக் கடை. தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னை யாரென்றே தெரியாதவர் போலப் பின்னால் வந்தார். ஊரே இவர் வருகைக்காகத்தானே காத்துக்கொண்டிருக்கிறது.

நீளமான கூடம், இரும்புக் குழாய் நெடுகத் தொங்கும் துணிகள், சோப்பும் யாரோ வீட்டு அலமாரியும் கலந்த ஒரு வாசனை. சட்டைக் கழுத்தில் வரிசையாய் ஊக்குக் குத்திக்கொண்டு கடைக்காரம்மா ஸ்டூலில் இருந்தாள். உன் அப்பா முதலில் போட்ட கோட்டில் நானும் கூடக் குடியேறியிருக்கலாம், அடுத்ததில் கை முழங்கையோடு நின்றுவிட்டது. மூலையில் போர்வையைத் திரையாகக் கட்டிய ஓர் இடம், அதுதான் போட்டுப் பார்க்கும் அறை. உள்ளேயிருந்து ஒரு குரல், இதில் ஒரு அளவு பெரிது இருக்குமா என்று கேட்டது. கடைக்காரம்மா என்னைத் தன் வேலைக்காரி என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு கறுப்புப் பேண்ட்டை நீட்டி, "இத உள்ள குடுத்துடும்மா" என்றாள். நீட்டினேன். திரைக்கு வெளியே வந்த கையில் பச்சைக் கல் மோதிரம். உன் அத்தை! நான் உனக்குப் பழைய ஸ்வெட்டர் வாங்கியபோது "யார் உடம்புல கெடந்ததோ" என்று மூக்கைப் பொத்திக்கொண்ட அதே அத்தை.

பொய் சொல்ல மாட்டேன், நாக்கு துறுதுறுத்தது. பல வருஷமாக மடித்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் வரிசையில் நின்றன. திரையை விலக்கினேன். வெள்ளைச் சட்டையும் இடுப்பில் பொத்தான் எட்டாத பேண்ட்டுமாக நின்றாள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "சும்மா பாக்க வந்தேன் அண்ணி" என்றாள். நாங்களும் சும்மாதான் வந்தோம், உன் அண்ணன் சும்மாவே ரெண்டு கோட்டு போட்டுப் பார்த்துவிட்டார் என்றேன். அதற்குச் சிரிப்பாள் என்று பார்த்தேன், அவள் அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதுவிட்டாள். மாமாவின் கடையை மூடிவிட்டார்களாம். மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழவில்லையாம். இவள் விருந்து மண்டபத்தில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேண்ட்டும் இல்லாமல் வரக்கூடாது என்றார்களாம். "எச்சித் தட்டு எடுக்கற வேலை அண்ணி, அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வரிசையில் நின்ற பதில்களை எல்லாம் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன்.

அவளிடம், வெளியே உன் அண்ணன்காரர் பொருந்தாத கோட்டில் நிற்கிறார், எனக்குத்தான் துணி பார்க்கத் தெரியாது என்று நீயே சொல்வாயே, வந்து பாரேன் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரே வீட்டில் திருட வந்த இரண்டு திருடர்கள் மாதிரி அண்ணனும் தங்கையும் முழித்தார்கள். உன் அப்பா தொப்பியைக் கழற்றி, "நீயும் மாட்டிக்கிட்டியா?" என்றார். அவ்வளவுதான், இருவருக்கும் அப்படி ஒரு சிரிப்பு. அவளே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். அவர் அவளுடைய துணிகளையும் தன் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு அவள் அந்தக் கடையையே தலைகீழாக்கினாள். ஒரு சாம்பல் நிறக் கோட்டை உருவி, அக்குளை மோந்து, உள்துணியைத் திருப்பி, இல்லாத ஒரு பொத்தானுக்காகக் கடைக்காரம்மாவின் உயிரை எடுத்து விலையைக் குறைத்தாள்.

உன் அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. முதல் நாளே ஹோட்டல்காரர்கள் சீருடைக் கோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள், நாங்கள் பட்ட பாடு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அத்தை கால் வீங்கி வீடு திரும்பிய நாளில் மாமா எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுத்தாராம், அதன்பிறகு படுக்கவில்லையாம். அன்றைக்கு நான் மாமாவை மனதுக்குள் எவ்வளவு திட்டினேனோ, அதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். மீதி இருக்கட்டும், தேவைப்படும்.

நேற்று மறுபடியும் நானும் உன் அத்தையும் பேருந்தில் போனோம். நம் பழைய தெரு டீச்சரம்மா ஏறி, ஜோடியாக எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்றார். அவளைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நான் "ஆஸ்பத்திரிக்கு" என்று இழுத்தேன். உன் அத்தை என்னைத் தள்ளிவிட்டு, பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி, "பழைய துணி வாங்கப் போறோம் டீச்சர், நல்ல நல்ல சட்டையா இருக்கு, வர்றீங்களா?" என்றாள். அந்த அம்மாள் தான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் எங்களோடு வந்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு, கிழியாத துணியாக ஒன்றாவது உடுத்து, நோய்நொடி இல்லாமல் நிறைவாக இரு. மாமாவுக்கு ஒரு போன் போடு, கடையைப் பற்றிக் கேட்காதே, சும்மா பேசு.

எப்போதும் உன் நினைப்பில்,
அம்மா