உங்க வண்டியில காத்தைக் குறைச்சாச்சு

என் வீட்டுக்காரரும் ஊருக்கெல்லாம் பைக் வாத்தியாருமானவருக்கு,

சோறு அடுப்பு மேல இருக்கு. சிலிண்டர்காரர் பதினோரு மணிக்கு வருவார், வீட்டிலேயே இருங்க.

நேத்து மலையில நான் வண்டியோட விழுந்தப்போ, பயிற்சிக்கு வந்த எட்டுப் பேர் முன்னாடி, "எப்படி ஓட்டக்கூடாதுன்னு இவளப் பாத்துக் கத்துக்குங்க"ன்னு வாய் கூசாம சொன்னீங்களே. கல்லுப் பாதையில டயர் வழுக்காம இருக்க, ஏறுறதுக்கு முன்னாடி காத்தைக் குறைச்சு விடறது உங்க வேலை. என் வண்டிக்கு மட்டும் மறந்துட்டீங்க.

இன்னைக்கு அந்த எட்டுப் பேரையும் நானே மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். நேத்து நான் ஏன் விழுந்தேன்னு அவங்க கேட்டாலும் சொல்லுவேன், கேக்காட்டியும் சொல்லுவேன்.

உங்க வண்டிச் சாவி ஆணியிலதான் தொங்குது.

பி.கு: நான் மறக்கல. உங்க வண்டியில காத்தைக் குறைச்சாச்சு. ரெண்டு டயர்லயும், முழுசா.

இன்னொண்ணு: பம்ப்பைத் தேடாதீங்க, என் பையில இருக்கு.