அக்காவுக்கு ஒட்டாத என் மஜ்ஜை

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கேட்காமலே ஒரு நல்லி எலும்பைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உன் ரத்த நோய்க்கு என் எலும்பு மஜ்ஜை பொருந்துகிறது என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து, ஒரு மாதம் விடாமல் நல்லியாக உறிஞ்சித் தள்ளினேனே! ராஜபாளையத்தில் பஸ் ஏறி மடவார் வளாகத்தில் உன் வீட்டுக்கு வந்து, "மஜ்ஜை ஏத்திக்கிட்டு வந்திருக்கேன்க்கா" என்பேன்.

"ஏலே, எனக்குக் குடுக்கவா, ஒந் தொந்தியில சேக்கவா?" என்பாய்.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எலும்பை உடைத்துத்தான் எடுப்பார்கள் என்று பயந்து கிடந்தேன். மயக்கம் கொடுத்து, இடுப்பில் ஊசி போட்டு எடுத்தார்கள். அது பையிலிருந்து சொட்டுச் சொட்டாக உனக்குள் இறங்கும்போது, "இனிமே நீயும் என்னய மாதிரி கொறட்டை விடுவ" என்றேன். முடி கொட்டிய தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாய்.

ஆனால் ஒட்டவில்லை. வாரங்கள் போயும் உன் ரத்த அணுக்கள் ஏறவில்லை. உன் உடம்பே அதைத் தள்ளிவிட்டது என்றார்கள். "நான் குடிச்ச பீடியினாலயா?" என்று கேட்டு அழுதேன்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ஆண் கொடுத்துப் பெண் வாங்கினால் சில நேரம் இப்படி ஆகுமாம். ஆண் பிள்ளையைச் சுமந்த உடம்பு, ஆணின் அணுவை வேற்றாள் என்று அப்போதே கற்று வைத்திருக்குமாம். இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது என்றார்.

நீ கதவைப் பார்த்தாய். உன் பையன்கள் இரண்டு பேரும் டீ வாங்கப் போயிருந்தார்கள்.

"ஏலே, இது அவனுகளுக்குத் தெரியவே கூடாது. எங்களப் பெத்ததாலதான் அம்மைக்கு இப்படின்னு நெஞ்சுல வச்சுக்கிட்டுத் திரிவானுக."

"அப்ப நான் என்ன சொல்ல?"

"ஒன் மஜ்ஜை சொத்தைன்னு சொல்லு. ஒனக்குத்தான் வெக்கமே கிடையாதே."

அதற்குப் பிறகு இரண்டு மாதம்தான் இருந்தாய்.

உன் முதல் திதியன்று, பந்தியில் பரிமாறிக்கொண்டே சின்னவன் மெதுவாகக் கேட்டான்: "மாமா, ஒங்க மஜ்ஜை மட்டும் நல்லா இருந்திருந்தா அம்மா இருந்திருப்பால்ல?"

"ஆமா மாப்ள. மாமன்தான் சரியில்ல."

அவன் என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றி, "விடுங்க மாமா, நீங்க வேணும்னா செஞ்சீக?" என்றான்.

உன் மகன் என்னை மன்னித்துவிட்டான், அக்கா. நானும் வேண்டாம் என்று சொல்லாமல் அதை வாங்கி வைத்திருக்கிறேன்.