பானெட் தேய்த்த ஞாயிற்றுக்கிழமை

நெருப்பெரிச்சல்,
வெள்ளிக்கிழமை.

தரணிக் கண்ணுக்கு அம்மா எழுதுவது. அங்கே நீயும் கீர்த்தனாவும் குட்டி தேஜஸ்ரீயும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று சென்னிமலை முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுத வேண்டும், ஆனால் பொய் எழுதிப் பழக்கமில்லை. உன் அப்பா சௌக்கியமாகத்தான் இருக்கிறார், எனக்குத்தான் முழங்கையில் ஆரம்பித்துக் கழுத்து வரை அரிப்பு, தேங்காய் எண்ணெய் பூசியும் அடங்கவில்லை. போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் நீ சிரித்துச் சமாளிப்பாய், நடுவில் பிள்ளையைக் காட்டுவாய், என் கோபம் கரைந்துவிடும். இந்தத் தடவை கரையக் கூடாது. நம் பனியன் கம்பெனி முன்னறையில் தைத்து முடித்த குழந்தை உடுப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, அனுப்பிவிடு என்று நீயும் உன் அப்பாவும் சொல்கிறீர்கள், அனுப்ப மாட்டேன் என்று நான் சொல்கிறேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், அதற்கெல்லாம் காரணமான உன் வண்டியைப் பற்றியும்.

நீ ஜெர்மனிக்குப் போகும்போது பின்பக்க ஷெட்டில் இரும்புக் குழாயை வெல்டிங் வைத்து, பழைய மாருதி இன்ஜினைத் தூக்கி உட்கார வைத்து, சக்கரமும் ஸ்டீயரிங்குமாக ஒரு எலும்புக்கூட்டை விட்டுவிட்டுப் போனாய். கிடந்து தொலையட்டும் என்று தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். போன மாதம் கோயமுத்தூரிலிருந்து டெம்போவில் ஃபைபர் பாடி வந்து இறங்குகிறது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? பானெட், மட்கார்டு, கதவு, பின்பக்கத்து மூடி, எல்லாம் ஓரம் பிசிறு பிசிறாக, நாமே சீவிப் பொருத்திக்கொள்ள வேண்டுமாம். ரோட்டில் ஓட்டப் பதிவு கிடைப்பதே சந்தேகம் என்று நீயே சொன்ன வண்டி இது. ரெண்டு பேர்தான் உட்கார முடியும், நான் எங்கே உட்காருவது என்று கேட்டால் உன் அப்பா கூரையைப் பார்க்கிறார். அன்றிலிருந்து அவர் கம்பெனி ஆளே இல்லை. கட்டிங் டேபிளில் துணி நகராமல் மாட்டுகிற கிளாம்ப்பையெல்லாம் எடுத்துப் போய்க் கதவை ஃப்ரேமோடு கவ்வ வைத்தார், இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்க்க என் பேட்டர்ன் அட்டையை வெட்டிச் சொருகினார். இடது கதவு ஓரத்தில் விரல் நுழைகிறது, வலது கதவில் காகிதம் நுழையவில்லை. ஃப்ரேமைக் கோணலாக வெல்டிங் வைத்தவன் நீ, அதைச் சரிக்கட்டக் கதவைச் சீவிச் சீவி மாய்ந்தவர் அவர். போல்ட்டைக் கொஞ்சம் இறுக்கியதும் மேல்பூச்சு கீறல் விட்டுவிட்டது என்று ஒருநாள் சோறு வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்குக்கூட மனுஷர் ஆஸ்பத்திரி கேன்டீனில் தோசை சாப்பிட்டவர்.

இது வரைக்கும் நான் பொறுத்துக்கொண்டேன், அடுத்ததைக் கேள். போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குளத்தில் உன் மாமன் பேத்திக்குக் காது குத்து. உன் அப்பா தலைவலி என்று வரவில்லை. என்ன தலைவலி, பானெட்தான். நிட்டிங் துணியை ரோலிலிருந்து பிரித்து ஒருநாள் தளர்வாகப் போட்டு வைத்தால்தான் வெட்டின பிறகு அளவு சுருங்காது, பனியன் கம்பெனியில் தொட்டில் கட்டி வளர்ந்த உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. குழந்தை உடுப்புக்கு வாங்கின வெள்ளைத் துணி முழுவதையும் சனிக்கிழமையே டேபிளில் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் போனேன். ஷெட்டில் வெளிச்சம் பத்தவில்லை என்று உன் அப்பா பானெட்டைப் பிசிறு போகத் தேய்க்கக் கட்டிங் ஹாலுக்கே தூக்கி வந்திருக்கிறார். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி கிளம்பாது என்று பாடி செய்து கொடுத்தவரே சொல்லியிருந்தாராம். தண்ணீர் தெறித்தால் துணியில் கறை விழுமே என்று நம்ம ஆள் யோசித்து, துணியைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று தேய்க்கிற மிஷினில் சொட்டுத் தண்ணீர் விடாமலே தேய்த்திருக்கிறார்! அதோடு விட்டாரா? தையல் மிஷினில் படிகிற பஞ்சை ஊதித் தள்ள வைத்திருக்கும் காத்துக் குழாயை எடுத்துப் பானெட்டைப் புஸ்ஸு புஸ்ஸு என்று ஊதியிருக்கிறார். பஞ்சு கண்ணுக்குத் தெரியும், ஃபைபர் தூசி தெரியுமா? அத்தனையும் ஊசி ஊசியான கண்ணாடி இழை. நீ என்ன செய்தாய்? வீடியோ காலில் பார்த்துக்கொண்டே, பானெட் மூக்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் எடுங்கப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அவருக்குப் பின்னால் ஹால் நிறைய விரிந்து கிடந்த வெள்ளைத் துணி உன் கண்ணில் படவில்லையா, இல்லை பட்டும் வாயை மூடிக்கொண்டாயா?

திங்கட்கிழமை வெட்டினோம், தைக்க ஆரம்பித்தோம், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. லாட் முடிகிற சமயத்தில் ஓவர்லாக் மிஷினில் தைக்கிற கருத்தம்மா, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், எழுந்து வந்து, யக்கா கையெல்லாம் ஒரே அரிப்பா அரிக்கி, துணியில கம்பளிப்பூச்சி ஏதும் ஏறிட்டா என்னன்னு பாருங்க என்றாள். அவள் சொன்னதும் வரிசையாக எல்லாரும் சொறிய ஆரம்பித்தார்கள். செக்கிங் பெண் வேல்விழி டார்ச் அடித்துப் பார்த்தாள், துணி மேல் மினுக் மினுக் என்கிறது. நான் திரும்பி உன் அப்பா முகத்தைப் பார்த்தேன், அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைக் கதையை அவிழ்த்தார். ஒரு உடுப்பை எடுத்து நானே துவைத்து, நன்றாக உதறி, வெயிலில் காயப் போட்டு, மறுபடியும் துவைத்து, என் முழங்கையிலும் கழுத்திலும் தேய்த்துப் பார்த்தேன். அப்படி வந்ததுதான் இந்த அரிப்பு.

தைக்கக் கொடுத்த எக்ஸ்போர்ட் ஆபீசுக்குப் போய் மேனேஜர் பாண்டித்துரையிடம் நானே சொன்னேன். கத்தினார், அவர் கத்துவதில் நியாயம் இருக்கிறது. கடைசியில், இதையே அனுப்பறதுன்னாலும் உங்க பொறுப்பு, வேற துணி போட்டுத் தெச்சுத் தாறதுன்னாலும் உங்க பொறுப்பு, எனக்குச் சரக்கு வரோணும், இல்லீனா இனி இந்தப் பக்கம் வராதீங்க என்றுவிட்டார். வேறு துணி வாங்கினால் இந்த வருஷம் நாம் எழுந்திருக்க முடியாது என்று உன் அப்பா சொல்கிறார். அது நிஜம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் நீ அப்பா போனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாய். அம்மாவ சும்மா இருக்கச் சொல்லுங்கப்பா, ஒரு வாஷ் போட்டாப் போயிரும், கப்பல் ஏறிட்டா யாருக்குத் தெரியப் போகுதுங்க என்று. உன் அப்பா அதை எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துப் போட்டுக் காட்டினார். வண்டி மேல் இருந்த கோபம் வேறு தரணி, இது வேறு. நான் பெற்ற பிள்ளை மேல் எனக்கு வெறுப்பு வந்தது, இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. அந்த உடுப்பு கைக்குழந்தைக்கு. அரித்தால் அதற்குச் சொல்லத் தெரியுமா, அழத்தானே தெரியும். பெற்றவள் பசி என்று பால் கொடுப்பாள், வயிற்றுவலி என்று மருந்து கொடுப்பாள், சட்டையைக் கழற்ற வேண்டும் என்று அவளுக்கு எங்கே தோன்றும்? அவள் யாரோ, எந்த ஊரோ, அதனால்தான் உனக்கு இவ்வளவு சுலபமாக வாய் வந்தது.

பானெட்டையும் கதவுகளையும் ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிட்டேன், சாவி என் இடுப்பில் இருக்கிறது. உன் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார், சோறு போட்டால் மட்டும் வருகிறார். இந்தக் கடிதம் வருகிற பார்சலில் கீர்த்தனாவுக்குப் பருப்புப் பொடியும் உனக்குக் கடலை உருண்டையும் இருக்கிறது, கோபம் வேறு வயிறு வேறு. அங்கே குளிர் என்கிறார்கள், பிள்ளைக்குக் காதை மூடிக் குல்லா போடு, வெளியே தூக்கிக்கொண்டு அலையாதே. அடியில் பிளாஸ்டிக் கவரில் அந்த லாட்டில் தைத்த உடுப்பு ஒன்று வைத்திருக்கிறேன். தேஜுவுக்குச் சரியான அளவு, நானே பார்த்து எடுத்தேன். நீ சொன்ன மாதிரி ஒரு வாஷ் போடு, வேண்டுமானால் இன்னொரு வாஷும் போடு. போட்டுக் காய வைத்து உன் மகளுக்கு மாட்டித் தூங்க வை. விடிந்ததும் அவள் அந்த உடுப்போடு சிரிக்கிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பு. அன்றைக்கே மூட்டையையெல்லாம் டெம்போவில் ஏற்றி அனுப்பிவிடுகிறேன், சாவியையும் உன் அப்பா கையில் கொடுத்துவிடுகிறேன். மனசு வரவில்லை என்றால் என்னிடம் சொல்ல வேண்டாம். உன் அப்பாவுக்குப் போன் போட்டு, அந்த லாட்டு வேண்டாமுங்கப்பா, வேற துணி வாங்கலாமுங்க என்று உன் வாயால் சொல். இந்தக் கடிதத்தைக் கீர்த்தனாவிடமும் படிக்கக் கொடு, ஒளித்து வைக்காதே, வைத்தால் எனக்குத் தெரியாமல் போகாது.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். கோபத்தில் எதைக் குறைத்தாலும் ஆசீர்வாதத்தைக் குறைக்க என்னால் முடியவில்லை.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் அம்மா
ஈ. சுப்புலட்சுமி

ஒன்று மறந்துவிட்டேன். அந்தக் கவரைப் பிள்ளை இருக்கிற ரூமில் பிரித்துவிடாதே, வெளியே கொண்டு போய்ப் பிரி. பிரித்த கையோடு அவளைத் தூக்காதே, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்கு.