வாசல் தாண்டிய பேரம்

என் அருமைத் தொந்திக்கார மச்சான் தனபாலுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் தங்கச்சி கலாவதி தினமும் உன் படத்துக்குப் பூ வைக்கிறாள். உயிரோடு இருந்தபோது ஒரு முழத்துக்குப் பூக்காரியை அழவிட்டவன் நீ. இப்போது ஓசியில் சூடிக்கொண்டு சிரிக்கிறாய். சிரி.

காடாம்புலியூரில் இந்த வருஷம் பலா நன்றாகக் காய்த்திருக்கிறது. வருஷா வருஷம் உன்னிடம் பிஞ்சிலேயே தோப்புக் காய்ப்பை மொத்தமாக விற்று ஏமாந்த பெரியவர், "தனபாலு இல்லாததால இந்த வருசந்தான் நல்ல வெல பாத்தேன்" என்று என்னிடமே சொல்கிறார். உன் சாவாலும் நாலு பேர் பிழைக்கிறார்கள். மனசைத் தேற்றிக்கொள்.

அன்றைக்கு நாம் ஸ்ரீமுஷ்ணம் பக்கம் தோப்பு பார்த்துவிட்டு சிதம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உனக்கு நெஞ்சு வலித்தது. ஆட்டோவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரைத் தேடாமல், கவுண்டரில் சாய்ந்துகொண்டு நீ விலை கேட்டாய்.

"எவ்ளோம்மா ஆவும்?"

"பாத்துட்டுத்தான் சொல்ல முடியும் சார். இப்ப ஒரு லட்சம் கட்டிடுங்க."

"எடுத்த எடுப்புல லட்சமா? பாதி போட்டுக்க."

"இங்க அதெல்லாம் கெடையாது சார்."

முகமெல்லாம் வேர்வை, அதிலும் எனக்குக் கண்ணடித்தாய். "வா மச்சான், போவலாம். வாசல் தாண்டறதுக்குள்ள கூப்புடுவாங்க பாரு." நானும் வந்தேன். இருபது வருஷமாக நாம் அப்படித்தானே தோப்பு வாங்கினோம்? நாலு அடி நடந்தால் பின்னால் குரல் வரும்.

வரவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தோம். ஆட்டோக்காரர், "பெரியாஸ்பத்திரிக்கு வுடட்டா?" என்றார். "அஞ்சு நிமிசம் இருப்பா, கூப்புடுவாங்க" என்று சொன்னது நீ இல்லை மச்சான், நான். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் நீ முடிந்துபோயிருந்தாய்.

பேரம் படியாமல் செத்தவன் இந்த ஜில்லாவில் நீ ஒருத்தன்தான்.

எந்த வைத்தியத்துக்கு என்ன கட்டணம் என்று எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஆஸ்பத்திரிகள் எழுதி வைக்க வேண்டுமாம். சட்டமே இருக்கிறதாம். அஞ்சாவதோடு நின்ற நமக்கு யார் சொன்னார்கள்? சுவரில் எழுதியிருந்தால் நீ வாயைத் திறந்திருப்பாயா? பஸ் டிக்கெட்டுக்கு என்றாவது பேரம் பேசினாயா?

போன வாரம் போய்ப் பார்த்தேன். கலாவதி மனு கொடுத்த பிறகு பலகை மாட்டியிருக்கிறார்கள், தண்ணீர் கேனுக்குப் பின்னால். கேனை நகர்த்திவிட்டு எழுத்துக்கூட்டி வாசித்தேன். அவசரப் பிரிவு, ஈசிஜி, ஐசியு ஒரு நாளைக்கு என்று தனித்தனியாகப் போட்டிருந்தது. விரல்விட்டுக் கூட்டினேன். தோப்புக்காரருக்கு முன்பணம் கொடுக்க இடுப்புப் பையில் வைத்திருந்தாயே, அதில் பாதிகூட வரவில்லை. அவ்வளவு மலிவாகப் போயிருக்கிறாய்.

'என் புருஷனைத் துரத்திவிட்டார்கள், என் அண்ணன்தான் சாட்சி' என்று மனுவில் எழுதியிருக்கிறாள். நான் அவளிடம் அப்படித்தான் சொல்லி வைத்தேன். திங்கட்கிழமை மஞ்சக்குப்பத்தில் அதிகாரி முன்னால் விசாரணை. நோயாளி தானாகத்தான் வெளியே போனார், கேமராவில் இருக்கிறது என்கிறது ஆஸ்பத்திரி.

நேற்று எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், "எங்கண்ணன் பொய் சொல்லாது. அவுங்கதான் புளுவுறாங்க." மீன் குழம்பு. இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றேன். நான் என்ன ஜென்மம், மச்சான்?

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் உள்ளதைச் சொல்லிவிடுவேன். மறுநாள் அதிகாரியிடமும் அதையேதான் சொல்வேன். அன்றைக்கு அங்கே பலகை இல்லை. உன்னைத் தொட்டுப் பார்க்காமலே பணம் கேட்டார்கள். ஆனால் நடந்து வெளியே வந்தது நாமேதான், ஆட்டோவை நிறுத்தி வைத்தது நான். நாலு பேருக்குத் தெரியட்டும் என்று, இதெல்லாம் ஆன பிறகுதான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புவேன். அவள் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

மனு நிற்குமா, விழுமா, தெரியவில்லை. அவள் என்னை எவ்வளவு கேட்டாலும் வாங்கிக்கொள்வேன். ஒரு வார்த்தை குறைத்துக்கொள் என்று சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஞாயிறு வரைக்குமாவது அவளுக்கு அண்ணனாக இருக்கும்,
உன் மச்சான் ஏழுமலை